முரளியைக் கொண்டாடலாமா? ஒரு மாணவனின் கேள்வியும் என் பதிலும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். தலைப்பு: "நான் மதிக்கும் விளையாட்டு வீரர்". கொப்பிகளைத் திருத்தப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் உதைபந்தாட்டக்காரர்களைத்தான் எழுதியிருந்தார்கள். மெஸ்ஸி, ரொனால்டோ, முகம்மத் ஸலாஹ். ஒருவன் மெசுட் ஓசிலைப் பற்றி நன்றாக எழுதியிருந்தான். ஒரே ஒரு கொப்பியில் மட்டும் எங்கள் கண்டியின் பெயர் இருந்தது: முத்தையா முரளிதரன்.

சந்தோஷப்பட்டு, அவனை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். பாதிகூட வாசித்திருக்க மாட்டான், பின்வாங்கிலிருந்து ஒரு குரல்.

"சேர், எங்கட மையத்துகள எரிச்ச ஆளுக்குத்தானே அவர் சப்போர்ட் பண்ணின? அவரப் பத்தியா பெருமையா எழுதுற?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. கேட்ட பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். 2020 கடைசியில் அவனுடைய உம்மும்மா கொரோனாவில் மௌத்தானார். ஜனாஸா வீட்டுக்கு வரவில்லை. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, யாரும் தொழுவிக்கவில்லை. எரித்துவிட்டார்கள். அப்போது அவனுக்குப் பத்து வயது.

வாசித்துக்கொண்டிருந்தவன் கொப்பியை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மணியும் அடித்தது. "நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பதில் தெரியாமல் தப்பி வந்தேன் என்பதுதான் உண்மை. இரவு முழுக்க யோசித்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி அந்தப் பிள்ளையோடு முடிகிற ஒன்று இல்லை.

முதலில் என் பக்கச் சார்பை ஒப்புக்கொள்கிறேன். நான் முரளி ரசிகன். 2007 டிசம்பர் 3ஆம் திகதி அஸ்கிரிய மைதானத்துப் புல்மேட்டில் இருந்தவன். இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டின் விக்கெட் சரிந்தபோது அது முரளியின் 709ஆவது டெஸ்ட் விக்கெட். ஷேன் வோர்னின் 708 என்ற சாதனை எங்கள் ஊரில், எங்கள் கண் முன்னால் முறிந்தது. பட்டாசு வெடித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு சிங்கள ஐயா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். அந்த மனிதரின் பெயர்கூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கு 800 என்ற எண் தெரியும். அதன் பின்னால் உள்ள கதை அவ்வளவு தெரியாது. தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தின் வாரிசு அவர். தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலையை எரித்தார்கள், தந்தையையும் தாக்கினார்கள். அப்போது முரளிக்கு ஐந்து வயது. தங்களைக் காப்பாற்றியதும் சிங்கள மக்கள்தான் என்று பிற்காலத்தில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பையனைச் சுழற்பந்துக்கு மாற்றியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பாதிரிமாரின் பாடசாலை, சிங்களப் பயிற்றுநர், தமிழ்ப் பிள்ளை. இதுதான் கண்டி.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ண். நடுவர் டெரல் ஹெயார் 7 தடவை நோபோல் கொடுத்தார். அத்தனை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நீ களவாகப் பந்து போடுகிறாய் என்று சொன்ன மாதிரித்தான் அது. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அவருடையது. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்குப் போய்த் தன் கையைப் பரிசோதிக்கக் கொடுத்தார். 1999இல் அடிலெய்டில் திரும்பவும் நோபோல். அன்றைக்கு அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய்த் தன் பந்துவீச்சாளருக்காக நின்றார். இத்தனைக்கும் முரளி நடுவரை ஏசவில்லை, ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. திரும்ப வந்து பந்து போட்டார். 2010 ஜூலையில் காலியில், 800க்கு 8 விக்கெட் குறைவாக இருக்கும்போதே, இதுதான் என் கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டு இறங்கினார். தன் கடைசிப் பந்தில் 800ஐத் தொட்டார். சுனாமிக்குப் பிறகு தென் மாகாணத்தில் உணவு லொறிகளோடும் வீடு கட்டும் வேலைகளோடும் அலைந்தவரும் இவரேதான்.

இதெல்லாம் மதிக்க வேண்டியவை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி மற்றப் பக்கம். 2019 தேர்தலுக்கு முன் முரளி கோட்டாபய ராஜபக்ஷவை வெளிப்படையாக ஆதரித்தார். யுத்தம் முடிந்த 2009 பற்றி அவர் மேடையில் சொன்னது தமிழர்கள் பலரைக் காயப்படுத்தியது. இரண்டு பக்கமும் உயிர்கள் போவது நின்ற வருடம் என்ற கருத்தில்தான் சொன்னேன் என்று பிறகு அவர் விளக்கம் கொடுத்தார். 2020இல் '800' படத்தில் நடிக்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்து, விஜய் சேதுபதி விலகிக்கொண்டார்.

அதே வருடம்தான் எங்கள் வருடம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியும், கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி போட்டார்கள். பிறந்து 20 நாளான பச்சைக் குழந்தையைக்கூட விடவில்லை. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். கண்டியில் மௌத்தானவரும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்தது திரும்பி வரவில்லை.

அந்தச் சட்டத்தை முரளி போடவில்லை. கோட்டாபயவுக்கு வாக்களித்த 69 இலட்சம் பேரும் ஜனாஸாவை எரிப்பதற்காக வாக்களிக்கவும் இல்லை. ஆனால் முரளியின் ஒரு வார்த்தைக்கு இருக்கும் பாரம் எங்கள் ஒரு வாக்குக்கு இல்லை. பெயர் பெரிதானால் பொறுப்பும் பெரிது. அந்தப் பிள்ளையின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஓசில் கட்டுரை எனக்கு உதவியது. பிழையாகச் சொன்னேன், உதவவில்லை. என்னைச் சங்கடத்தில் மாட்டியது.

ஓசில் ஜெர்மனியில் பிறந்த துருக்கி வம்சாவளிப் பிள்ளை. 2014இல் ஜெர்மனி உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர். 2018 மே மாதம் லண்டனில் துருக்கி ஜனாதிபதி எர்துகானோடு நின்று படம் எடுத்தார். அந்த வருட உலகக் கிண்ணத்தில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேற, பழி அவர் தலையில் விழுந்தது. வென்றால் ஜெர்மன்காரன், தோற்றால் குடியேறி என்றுதான் தன்னைப் பார்க்கிறார்கள் என்று மனம் நொந்து சொல்லிவிட்டு, ஜூலை 22ஆம் திகதி தேசிய அணியிலிருந்து விலகினார். 92 போட்டிகள் ஆடிய மனிதர்.

என் மாணவன் இதையெல்லாம் உருக்கமாக எழுதியிருந்தான். அதை வாசித்தபோது வகுப்பே கை தட்டியது. முரளியைப் பற்றிக் கேள்வி கேட்ட பிள்ளையும் தட்டினான். நானும்தான்.

ஆனால் துருக்கியில் இருக்கும் ஒரு குர்திஷ் முஸ்லிம் பிள்ளை அந்தப் படத்தை எப்படிப் பார்த்திருப்பான்? அவர்களுடைய தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஷ் 2016 நவம்பரிலிருந்து வருடக்கணக்காகச் சிறையில் கிடந்தவர். அந்தப் பிள்ளைக்கு எர்துகானோடு சிரித்துக்கொண்டு நிற்கும் ஓசில் யார்? எங்களுக்குக் கோட்டாபய மேடையில் நின்ற முரளி யாரோ, அதே ஆள்தான். ஓசில் 2025இல் எர்துகானின் கட்சி உயர்பீடத்திலும் சேர்ந்துவிட்டார். ஓசிலுக்கு ஒரு தராசு, முரளிக்கு வேறு தராசு என்றால், நாங்கள் நிறுத்துப் பார்ப்பது நியாயத்தை அல்ல, எங்கள் ஆளா இல்லையா என்பதை. சொந்தக்காரனுக்கு எதிராக என்றாலும் நீதியாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது எங்கள் மார்க்கம் எங்களுக்குச் சொன்ன பாடம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2009 பற்றிய பேச்சு வந்தபோது பிள்ளைகளைத் தொலைத்த வன்னித் தாய்மாரின் வலியை எங்களில் எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டோம்? முரளி மீதான எங்கள் கோபம், எங்கள் ஜனாஸா எரிந்த பிறகுதானே தொடங்கியது? இதை எனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அப்படியென்றால் முடிவு என்ன? என் மனதுக்குப் பட்டது இது. ஒரு வீரரை மதிப்பது வேறு, அவருடைய எல்லாக் கருத்துக்கும் கையொப்பம் இடுவது வேறு. மெல்பேர்ணில் தலைகுனியாமல் நின்ற முரளியை மதிக்கலாம். 2019 மேடையில் நின்ற முரளியிடம் கேள்வி கேட்கலாம். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம். கேள்வியே கேட்கக்கூடாது என்றால் அது மதிப்பு அல்ல, பக்தி. அந்தப் பக்தி எங்களுக்கு ஆகுமானதும் அல்ல.

ஆனால் "நாட்டின் பெருமை" என்று சொல்லும்போது நான் இன்னொரு கணக்கையும் பார்க்கிறேன். அஸ்கிரியவில் நாங்கள் கட்டிப்பிடித்து அழுத அதே 2007இல், ஜூன் மாதம், கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. ஒரு தமிழனின் 709ஆவது விக்கெட் நாட்டுக்குப் பெருமை. அடையாள அட்டையோடு லொட்ஜில் படுத்திருந்த சாதாரணத் தமிழன் நாட்டுக்குச் சந்தேகம்.

எங்கள் கதையும் அப்படித்தான். நித்தவளையில் பஸில் மரிஜா கையில் பந்து போனால் கண்டியே எழுந்து நின்று கத்தும். இலங்கை ரக்பி அணிக்கே தலைவராக இருந்தவர். அவர் முஸ்லிம் என்று அந்த நேரம் யாரும் யோசித்ததில்லை. 2018 மார்ச்சில் என்ன நடந்தது? தாக்கப்பட்ட ஒரு சிங்களச் சாரதி இறந்தார். அது பெரிய அநியாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அதற்காகத் திகனயிலிருந்து அக்குறணை வரை சம்பந்தமே இல்லாதவர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. திகனயில் ஒரு முஸ்லிம் இளைஞர் எரிந்த வீட்டுக்குள் உயிர்விட்டார். 1977இல் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. 2018இல் எங்கள் கடைகள். நெருப்பு ஒன்றுதான்.

ஆகவே, முரளி பெருமைக்குத் தகுதியானவரா என்று நாடு கேட்பதற்கு முன், முரளியைத் தன்னுடைய பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நாடு என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். 800 விக்கெட் எடுத்தவனை எவனும் தோளில் தூக்குவான். ஒரு விக்கெட்டும் எடுக்காத, கணக்கில் 35 புள்ளி எடுக்கும், பின்வாங்கில் உட்காரும் பிள்ளைக்கும் இந்த நாடு அதே இடத்தைக் கொடுக்கிறதா என்பதில்தான் பெருமை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் உம்மும்மாவை மரியாதையாக அடக்க விடுவதிலும்தான்.

அடுத்த நாள் வகுப்பில் இதை முடிந்தளவு எளிமையாகச் சொன்னேன். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "உங்கட உம்மும்மாவுக்கு நடந்தது அநியாயம் மகன். முரளியை மதிக்கச் சொல்லி நான் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் கூட்டாளி மதிப்பதை நிறுத்தச் சொல்லவும் உங்களால் ஏலாது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அப்ப சேர், அவர் எங்கயாவது வந்தா நான் இதக் கேக்கலாமா?"

"கேட்கலாம். மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் கட்டாயம் கேளுங்கள்."

முதல் நாள் பாதியில் உட்கார்ந்த பிள்ளையை எழுப்பி மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். வகுப்பு கை தட்டியது. பின்வாங்கில் இருந்தவன் தட்டவில்லை. ஆனால் கடைசி வரி வரை தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அது போதும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். என்னோடு உடன்படாதவர்களும் எழுதுங்கள். ஒரேயொரு வேண்டுகோள்: என் மாணவர்களும் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள், வார்த்தையைப் பார்த்துப் போடுங்கள்.

ஜனாஸாவின் மரியாதை மறுக்கப்பட்ட எங்கள் எல்லா உறவுகளுக்கும் அல்லாஹ் சுவனத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.