ரிச்சி தெருவில் ஒரு மிக்ஸர்!

கொறிக்கிற மிக்சர் இல்லை பாஸ், இது காதுக்கு! காலேஜ் கல்ச்சுரல்ஸ் வருது. பேண்டில் கிட்டார் ரெண்டு, ஆளுக்கொரு எஃபெக்ட்ஸ் பெடல். ஆனால் ஹாஸ்டலில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் ஒண்ணே ஒண்ணு! என்ன பண்ணுவீங்க? கிளம்புங்க, ரிச்சி தெருவுக்கு!

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி அண்ணா சாலையில் கொஞ்சம் நடந்தால் போதும். பேர்தான் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளும் சேர்ந்ததுதான் இந்த எலெக்ட்ரானிக்ஸ் உலகம். செல்போன் கவர், சிசிடிவி கேமரா என்று கூவிக் கூப்பிடுவார்கள். அசராமல் உள்ளே போனால், சின்னச் சின்ன டப்பாக்களில் ரெசிஸ்டரை அடுக்கி வைத்திருக்கும் கடைகள் தெரியும். அங்கே நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீங்க, பெரும்பாலான கடைகளில் ஷட்டர்தான் தெரியும்!

போகும்முன் ஒரு கேள்வி. ரெண்டு பெடல் ஒயரையும் நேரா முறுக்கி ஒட்டினால் ஆகாதா? ஆகாது. ஒரு பெடலின் அவுட்புட் இன்னொன்றைக் கீழே இழுக்கும். சத்தம் குறையும், ஒருத்தர் வால்யூமைத் திருப்பினால் மற்றவர் சத்தமும் மாறும். இங்கேதான் ஆப்-ஆம்ப் கைகொடுக்கிறது. தன் ரெண்டு இன்புட் கால்களையும் ஒரே வோல்டேஜில் வைத்திருக்க அது ஓயாமல் பாடுபடும். பிளஸ் காலை 4.5 வோல்ட்டில் கட்டிப்போட்டால், மைனஸ் காலும் அங்கேயே அசையாமல் நிற்கும். அந்த அசையாத இடத்தில் ரெண்டு கிட்டாரும் சந்தித்தால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. அவ்வளவுதான் ரகசியம்!

இப்போ கடையில் கேளுங்க: 'அண்ணா, டி.எல்.072 ஒண்ணு, 8 கால் ஐ.சி. பேஸ் ஒண்ணு.' அது இல்லாவிட்டால் 4558 வாங்கலாம், கால் வரிசை ஒன்றுதான். 100 கே ரெசிஸ்டர் 5, 10 கே 2, 'பாயிண்ட் ஒன்' கெப்பாசிட்டர் 2, 47 எம்.எஃப்.டி. ஒன்று, 10 எம்.எஃப்.டி. ஒன்று. 100 கே வால்யூம் கன்ட்ரோல் 2. 'லாக்' வேணும் என்று அழுத்திச் சொல்லுங்க. நம் காது சத்தத்தை உணரும் விதத்துக்கு அதுதான் ஒத்துவரும். கால் இஞ்ச் மோனோ ஜாக் 3, 9 வோல்ட் பாட்டரி, க்ளிப், டாட் போர்டு. லிஸ்ட் ஓவர்!

8-ம் காலுக்கு 9 வோல்ட், 4-ம் காலுக்கு கிரவுண்ட். ரெண்டு 10 கே-யை பாட்டரிக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டால் நடுவில் 4.5 வோல்ட். அங்கிருந்து கிரவுண்டுக்கு 47 எம்.எஃப்.டி. அந்த 4.5-ஐ 3, 5 கால்களுக்குக் கொடுங்க. ஒவ்வொரு பெடலும் வால்யூம் கன்ட்ரோல், பாயிண்ட் ஒன், 100 கே என்ற வழியில் 2-ம் காலுக்கு வரட்டும். 1-க்கும் 2-க்கும் நடுவில் ஒரு 100 கே. இங்கே அலை தலைகீழாகிவிடும். கவலை வேண்டாம், ஐ.சி.க்குள் இன்னொரு ஆப்-ஆம்ப் சும்மாதானே இருக்கு! 1-லிருந்து 6-க்கு ஒரு 100 கே, 6-க்கும் 7-க்கும் நடுவில் ஒன்று. அலை நிமிர்ந்துவிடும். 7-லிருந்து 10 எம்.எஃப்.டி. வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு, அதன் பிளஸ் முனை ஐ.சி. பக்கம். பெடல் இல்லாமல் கிட்டாரை நேராகச் செருகாதீங்க, ட்ரெபிள் செத்துவிடும்.

இதே ஏரியாவில் ஃபைனல் இயர் புராஜெக்டை ரிப்போர்ட்டோடு ரெடிமேடாக வாங்கலாம். மார்க்கும் கிடைக்கலாம். ஆனால் வைவாவில், 'ஏன்பா இங்க 100 கே போட்ட?' என்று கேட்டால் திருதிருவென முழிக்கணும். இந்தக் குட்டிப் பெட்டியைச் செய்தவர் சொல்வார்: 'உள்ளே 100, திரும்பி வர 100. ரெண்டும் சமம், அதனால சத்தம் ஏறாது, இறங்காது சார்!'

சால்டரிங் அயர்னையும் லிஸ்ட்டில் சேர்த்துக்கோங்க மக்களே!