யாரைக் கேட்டு வெட்டினாய்?

பிரான்சின் கிராமப்புறத்தில் மூன்றாண்டுகள் இருந்துவிட்டு வந்தவளிடம் எல்லோரும் மொழியைப் பற்றிக் கேட்கிறார்கள், குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அவற்றையெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டேன். என்னை அதிகம் அலைக்கழித்தது, என் தலைமுடியை நம்பிக் கொடுக்க ஓர் ஆள் கிடைக்காததுதான். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு பெண்ணின் தலையில் யார் கைவைக்கலாம் என்பது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் இணையருக்குக் காந்தால் மாவட்டத்தில் வேலை. பழைய எரிமலைகள் அணைந்து புல்வெளியாகிவிட்ட மலைநாடு அது. செந்நிற மாடுகளுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர்பெற்றது. கல்லூரியில் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஊரில் ஒரு ரொட்டிக்கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு தேவாலயம், ஒரு முடிதிருத்தகம். பிரெஞ்சுக் கொச்சையில் 'தீஃப்' என்றால் முடி. அதை வைத்து 'இமாஜினாதீஃப்', 'க்ரெயாதீஃப்' என்று சிலேடையாகப் பெயர்வைப்பதில் அந்நாட்டு முடிதிருத்தகங்களுக்குத் தனி ஆசை. காளமேகப் புலவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

விலைப்பட்டியலை வெளியிலிருந்து படிக்கும்படி வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. எங்கள் ஊர்க் கடைப் பட்டியலில் ஆண், பெண் என்று இரண்டு பத்திகள். ஆணுக்கு 20 யூரோ, பெண்ணுக்கு 38 யூரோ. தோள்வரை முடி வளர்த்திருக்கும் ஆணுக்கும் 20தான், கிராப் வெட்டிக்கொள்ளும் பெண்ணுக்கும் 38தான். அடர்த்தியான முடிக்குத் தனிக் கட்டணம் வேறு. அந்தக் கடையில் என் பின்னலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் "இதற்கு எவ்வளவு போடலாம்?" என்று கேட்டார். அடுத்து, முப்பது கிலோமீட்டர் தள்ளி நகரத்துக் கடைக்குப் போனேன். நான்கு விரற்கடை குறைத்தால் போதும் என்றேன். அவர் முடியின் அடர்த்தியையும் சேர்த்துக் குறைத்து, சூடுகாட்டி நீவி, அலையே இல்லாமல் ஆக்கிவிட்டு, "அடக்கிவிட்டேன் பாருங்கள்" என்றார். என் தலையில் ஏதோ காட்டு விலங்கு இருந்ததுபோல.

ஒருவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. முடிதிருத்தம் பிரான்சில் கட்டுப்பாடு மிகுந்த தொழில். 1946இல் வந்த சட்டத்திலிருந்து, உரிய தகுதி பெற்றவர் பொறுப்பில் இல்லாமல் முடிதிருத்தகம் நடத்த முடியாது. சின்ன ஊர்களில் வேறு தொழிலோடு சேர்த்து ஆண்களுக்கு முடிவெட்டுவோருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அத்தனை பயிற்சி இருந்தும் அதில் சுருள்முடிக்கு உரிய இடம் இல்லை என்று அங்குள்ள கறுப்பினப் பெண்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். குவாதலூப் தீவின் உறுப்பினர் ஒலிவியே செர்வா கொண்டுவந்த, முடியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் மசோதா 2024 மார்ச் 28 அன்று பிரெஞ்சு தேசியப் பேரவையில் 44க்கு 2 என்ற வாக்கில் நிறைவேறி, மேலவைக்குப் போனது. வேலைக்காக முடியை நீவி நேராக்கிக்கொள்ளும் கறுப்பினப் பெண்கள் படும் பாடு என்னுடையதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் 'அடக்கிவிட்டேன்' என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

நான் வளர்ந்த வீட்டிலும் என் முடி என்னுடையதாக இருந்ததில்லை. எண்ணெய் வைப்பது அம்மா, இழுத்துப் பின்னுவது அப்பத்தா, நீளம் எவ்வளவு என்று விசாரிப்பது பெண்பார்க்க வந்தவர்கள். வகுப்பில் ஐம்பால் நடத்தும்போது குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என்று ஐந்தையும் வரிசையாகச் சொல்வேன். கூந்தலை முடிக்க ஐந்து வகை சொன்ன மரபு, அதை வெட்டிக்கொள்ள ஒரு வகையும் சொல்லவில்லை. பெண்ணின் தலைக்குக் கத்தி வந்தது வேண்டுதலுக்கு, இல்லாவிட்டால் கைம்மைக்கு. புறநானூற்றுக் கைம்பெண்கள் கூந்தல் களைந்தார்கள். பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்களுக்கு மொட்டையடிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது. கல்லூரி விடுதியில் இருந்தபோது தோள்வரை வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "யாரைக் கேட்டு வெட்டின?" பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

காந்தாலில் எனக்கு வழிகாட்டியவர் பக்கத்து வீட்டு மதாம். தொண்ணூறை நெருங்கியவர், தனியாக இருந்தார். வீடு வீடாகப் போய் முடிவெட்டும் பெண் ஒருவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு வருவார். கடைகள் மூடிக்கொண்டே போகும் அந்த ஊர்களில் முதியவர்களுக்கு அவரைப் போன்றவர்கள்தான் கதி. முடிவெட்டியபடியே மாத்திரை தீர்ந்துவிட்டதா என்றும் கேட்டுக்கொள்வார். "நீங்களும் வாருங்கள், என் அடுப்படி பெரிசு" என்றார் மதாம்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் தலையலசி, நாற்காலியில் உட்காரவைத்து, அந்தப் பெண் கத்தரியை எடுக்கவில்லை. முடியைக் காயவிட்டு, அது போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்திய முடியைப் பொட்டலத்தில்தான் பார்த்திருக்கிறேன். தலையில் பார்ப்பது இதுதான் முதல்தடவை" என்றார். ஒட்டுமுடி வாங்கும் இடத்தில் அப்படி எழுதியிருக்குமாம். நான் திருப்பதியைப் பற்றிச் சொன்னேன். காணிக்கையாக இறக்கிய முடி ஏலத்துக்குப் போவதையும், அது கடல்கடந்து போவதையும். மதாம் குறுக்கிட்டு, தன் பாட்டியின் அம்மா சந்தையில் துணிக்கு முடியை விற்றவர் என்றார். அது உண்மையான வரலாறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானி, ஓவெர்ன் பகுதிச் சந்தைகளில் வியாபாரிகள் வந்து ஏழைக் குடியானவப் பெண்களின் முடியை வெட்டிக்கொண்டு, பதிலுக்குத் துணி கொடுத்தார்கள். நகரத்துச் சீமாட்டிகளின் சவுரிக்கு அது போனது. வெட்டுப்பட்ட தலையைக் 'குவாஃப்' என்ற துணித்தொப்பி மறைத்தது. முடிதிருத்துபவரைக் குறிக்கும் 'குவாஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் அந்தத் தொப்பிதான் வேர்.

பிறகு அந்தப் பெண் கேட்டார்: "உங்களுக்கு எப்படி வேண்டும்?" அம்மா இறந்த ஆண்டிலிருந்து இடுப்புவரை அப்படியே விட்டிருந்த முடி அது. கழுத்துவரை போதும் என்றேன். "நிறுத்தச் சொன்னால் எந்த இடத்திலும் நிறுத்துவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார். கழுத்தோரம் சீராக்க மெஷினை எடுத்தவர், மதாமைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் பைக்குள் வைத்துவிட்டார்.

காரணத்தை மதாமே ஒருநாள் சொன்னார். 1944 கோடையில் அவருக்கு ஒன்பது வயது. ஜெர்மானியர் போனபின், ஊர்ச் சதுக்கத்தில் மூன்று பெண்களை நாற்காலியில் உட்காரவைத்து மொட்டையடித்தார்கள். அடித்தவர் ஊர் முடிதிருத்துநர். "அடுத்த வாரம் அதே கையால் எனக்கும் வெட்டினார்." விடுதலைக் காலத்தில் பிரான்சில் இப்படி மொட்டையடிக்கப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்று வரலாற்றாசிரியர் ஃபப்ரிஸ் விர்ஷிலி கணக்கிட்டிருக்கிறார். எதிரியோடு ஒத்துழைத்த ஆண்களுக்கும் தண்டனை இருந்தது. ஆனால் கூட்டத்தின் நடுவே தலைமழிப்பு பெரும்பாலும் பெண்களுக்குத்தான். தேசத்தின் மானத்தையும் பெண்ணின் மயிரில் முடிந்து வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை.

நல்ல முடிதிருத்துநர் யார் என்று கேட்டால் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கைத்திறன் வேண்டும்தான். முடியைத் தொடுவதற்கு முன் அது யாருடையது என்று தெரிந்திருப்பதும் அந்தத் திறனில் சேர்த்தி. அந்தப் பெண் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விலைதான் வாங்குவார், ஆகும் நேரத்துக்கு ஏற்றபடி. நான் ஊர் திரும்பும்வரை வெள்ளிக்கிழமைகளில் அந்த அடுப்படியில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்தபின் உறவுக்காரர்கள் என் தலையைப் பார்த்து, "என்ன இப்படி?" என்கிறார்கள். போன மாதம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி முடியை வெட்டிக்கொண்டு வந்து, வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று அழுதாள். யாரைக் கேட்டு வெட்டினாய் என்றார்களாம். "வெட்டியவர் உன்னைக் கேட்டாரா?" என்றேன். ஆமாம் என்றாள்.