பாடுகளின் கொடி

இலங்கைத் தமிழில் இதற்குக் கொடித்தோடை என்று பெயர். நீலகிரியில் தாட்பூட் பழம். பட்டணத்தில் பாஷன் ஃப்ரூட். பாஷன் என்றதும் மோகம், ஆசை என்று பொருள் சொல்கிறவர்கள் உண்டு. அது தப்பு. தென்னமெரிக்கா போன பாதிரிமார்கள் அந்தப் பூவில் மூன்று ஆணிகளையும் ஐந்து காயங்களையும் முள்முடியையும் பார்த்தார்கள்; ஏசுவின் பாடுகளை வைத்துப் பெயரிட்டார்கள். பாடு என்ற சொல்லுக்கு எங்க சனம் அகராதி புரட்ட வேண்டியதில்லை.

எங்க அப்பாயி இந்த விதையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆளைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவின் பங்கு. அந்தக் கணக்கில் வந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் ஒதுங்கினோம். எங்களுக்கு முன்னாடியே சாதி வந்து காத்திருந்தது.

லயத்து வாசலில் சாக்கடையோரம் ஒரு முழம் மண். "நமக்குத் தரை இல்லடா, ஆகாசம் இருக்கு. கொடி போடு" என்னும் அப்பாயி. விதையைச் சதை போகக் கசக்கி நிழலில் உலர்த்திப் போட்டால், முளைக்கவே மூணு வாரம் ஆகும். இளங்கொடி பனி தாங்காது. மார்கழி, தை ராத்திரிகளில் உறைபனி விழும். கொழுந்துச் சாக்கைப் போர்த்திவிடுவோம். எங்களுக்குப் போர்த்த இருந்ததும் அதே சாக்குதான். தண்ணி தேங்கினால் வேர் அழுகும், காய்ந்தால் பூ உதிரும். காய்த்ததும் கவாத்துப் பண்ண வேணும்; புதுத் தளிரில்தான் மறுபடி பூக்கும். ஐந்தாறு வருசத்தில் கொடி ஓய்ந்துவிடும். திரும்பவும் விதை போடுவோம். பழத்தைப் பறிக்கக் கூடாது, பழுத்துத் தானே விழும். காலையில் பொறுக்குவது என் வேலை.

ஊர்க்காரர் வீடுகளில் பழத்தை வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் கரைத்துக் கொடுத்தால் குடிக்க மாட்டார்கள். ஓடு உடையாத வரைக்கும் தீட்டில்லை.

அம்மா ஓய்வு பெற்ற வருசம் லயத்தைக் காலி பண்ணச் சொல்லித் தாள் வந்தது. கொடி நிறையப் பிஞ்சு. முப்பது வருசம் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு முழம் மண்ணில் பாத்தியதை இல்லை. பட்டா இருக்கிறவனின் பயிர் அழிந்தால் நட்டஈடு கேட்கலாம். லயத்துக் கொடிக்கு யார் கணக்கு வைப்பது? நாங்கள் சாமான் ஏற்றி முடிக்குமுன் வேலியோடு சேர்த்து வெட்டிப் போட்டார்கள். அம்மா அழவில்லை. வெட்டின தண்டில் கணுப் பார்த்து நாலு துண்டு நறுக்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டது.

அடுத்தவன் தோளில் படர்கிறவர்கள் என்று, இடஒதுக்கீட்டில் வந்த நம்மைக் கொடிக்கு ஒப்பிட்டுப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கொடியைப் பார்த்ததில்லை. அது யாரிடமும் கை நீட்டிக் கேட்பதில்லை. சுருள்விட்டுத் துழாவி, கிடைத்ததைத் தானே பிடித்துக்கொண்டு ஏறுகிறது. வேருக்குத்தான் இடம் வேண்டும். அந்த இடம் நம்ம பேரில் எழுதப்பட வேண்டும். சலுகையாக அல்ல, மூணு தலைமுறை கூலி பாக்கியாக.