கோணத்தில் காத்திருப்பும் பயிற்சியும்

நாகர்கோவிலை ஒட்டிய கோணத்தில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கின்றன. பதிவு செய்துவிட்டு ஐந்து ஆண்டுகள் வேலையின்றிக் காத்திருப்போருக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும். பட்டதாரியின் மாதத் தொகை ஒரு கொத்தனாரின் ஒருநாள் கூலியைக்கூட எட்டாது.

தொழிற்பயிற்சியில் கை கொஞ்சம் தாராளம்: மாதம் 750 ரூபாய், சைக்கிள், பாடநூல், பஸ் பாஸ். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களில் 1,000 ரூபாய் தனி. முழுநேரப் படிப்பில் சேர்ந்தவருக்கு வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகை கிடையாது.