மின்சாரம் தொலைந்த இடம்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில் என் பெரியப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. இருபது வருடத்துக்கு முன் வாங்கிய மினி டிராக்டர்தான் அங்கே எல்லா வேலைக்கும். மரங்களுக்கு நடுவே பெரிய வண்டி திரும்பாது. மட்டை இழுக்க, ரொட்டவேட்டர் ஓட்ட, காய் ஏற்றிவர இந்தச் சின்ன வண்டிதான் தோது. போன ஆடிச் சாரலில் அது செல்ப் எடுக்க மறுத்தது. நாலு பேர் தள்ளினால் ஓடும். சாவியைத் திருப்பினால், குளிரில் பல் தந்தியடிப்பதுபோல டக டக டக என்று ஒரு நடுக்கம் மட்டும் கேட்கும்.

பெரியப்பா முதலில் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டார். அதே நடுக்கம். அடுத்துச் சாவி சுவிட்சை மாற்றினார். அதே நடுக்கம். அதற்கு அப்புறம்தான் ஆட்டோ எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டார். அவரோடு நான் இரண்டு நாள் கூடவே இருந்தேன்.

வந்தவர் பையைத் திறக்கவில்லை. "லைட்டைப் போட்டுட்டுச் சாவியத் திருப்புங்கய்யா" என்றார். விளக்கு நன்றாக எரிந்தது. சாவியைத் திருப்பியதும் மங்கி, அணைகிற நிலைக்குப் போனது. இரண்டு முறை அப்படிச் செய்யச் சொல்லிவிட்டு, பேட்டரி முனை, செல்ப் மோட்டார் முனை, எர்த் கேபிள் முனை என்று ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். எர்த் கேபிளில் கை நின்றது.

"இங்க சுடுதுங்க. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். மற்ற முனைகள் எல்லாம் சில்லென்று இருக்க, அந்த ஒரு போல்ட் மட்டும் சுட்டது.

விஷயம் இதுதான். முன்விளக்கு இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். சின்ன டீசல் என்ஜினைச் சுற்றுகிற மோட்டாருக்கு 200 ஆம்பியர்வரை வேண்டும். துருவும் எண்ணெய்ச் சேறும் படிந்த இணைப்பில் ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தால் விளக்குக்கு அது பொருட்டே இல்லை, கால் வோல்ட்கூடக் குறையாது. ஆனால் 200 ஆம்பியர் பாயும்போது அதே தடை 4 வோல்ட்டைத் தின்றுவிடும். 12 வோல்ட்டில் 8தான் மோட்டாருக்கு மிஞ்சும். அப்படித் தொலைந்த மின்சாரம்தான் அந்த போல்ட்டில் சூடாக நின்றது. மோட்டாரை இணைத்துவிடும் சோலனாய்டு இழுக்கும், மோட்டாருக்கு மின்சாரம் போன நொடியே வோல்ட் விழும், பிடி விடும், வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். அந்தப் பல் தந்தியடிக்கிற சத்தம் இப்படித்தான் வருகிறது. எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் இது தீராது.

பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றினார். ஸ்பேனர் தவறி வண்டியின் இரும்பில் பட்டாலும் நெருப்பு பறக்காமல் இருக்க அதுதான் வழி. மாட்டும்போது எர்த் கடைசி. கேபிள் இருந்த இடத்தின் துருவையும் பெயின்டையும் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். பேட்டரி கேபிள் கவ்விகளில் பூத்திருந்த உப்பை ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவி முடித்தார்.

இப்போது என்ஜின் சுற்றியது. ஆனால் மெதுவாக, முக்கிக்கொண்டு. பெரியப்பா "போதும்ப்பா, எடுத்திரும்" என்றார். எலக்ட்ரீசியன் தலையாட்டவில்லை. மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து மறுபடி சுற்றச் சொன்னார். வோல்ட் 10க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி கொடுக்கிறது, வழியும் சுத்தம், அப்படியிருந்தும் மோட்டார் முக்குகிறது. "குறை உள்ள இருக்குதுங்கய்யா. இன்னைக்கு எடுத்திரும். நாளைக்கு நடுத்தோப்புல நிக்கும்." இரண்டு போல்ட்டைக் கழற்றி, மோட்டாரைச் சாக்கில் சுற்றி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருடைய கடை பத்துக்குப் பத்து. சுவர் முழுக்கப் பழைய ஆர்மேச்சர்கள். கோவை வட்டாரத்துக்கு மோட்டார் புதிதில்லை, 1937லேயே ஜி.டி.நாயுடு மின்மோட்டார் செய்த மண் இது. காயில் சுற்றத் தெரிந்த கைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருந்தன. இவரும் அப்படியொரு கடையில் பையனாக இருந்து கற்றவர்தான். பேட்டரி ஆசிட் தெறித்துச் சட்டையின் வயிற்றுப் பக்கம் சல்லடையாகியிருந்தது.

மோட்டாரைத் திறந்ததும் உள்ளே சுழலும் ஆர்மேச்சரை வெளிச்சத்துக்குக் காட்டினார். ஒரு முனை கறுப்பு, மறுமுனை சுற்றிலும் வெள்ளிபோல மின்னியது. தண்டைத் தாங்குகிற வெண்கல புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் தாழ்ந்து, சுற்றியிருக்கும் இரும்பில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. உரசலுக்கே பாதி பலம் போய்விட்டால் என்ஜினை எதைக்கொண்டு சுற்றுவது?

பிறகு ஆர்மேச்சரை குரோலரில் வைத்தார். உள்ளே மின்காந்தம் கர்ரென்று உறும, மேலே ஒரு ஹாக்சா பிளேடைப் பிடித்துக்கொண்டு ஆர்மேச்சரை மெல்ல உருட்டினார். எங்காவது சுருள் ஷார்ட் ஆகியிருந்தால் அந்த இடத்தில் பிளேடு துடிக்கும். ஒரு முழுச் சுற்று வந்தும் பிளேடு அசையவில்லை. "ஆர்மேச்சர் நல்லா இருக்குதுங்க. புதுசு வேண்டாம்." புது மோட்டாரே விற்றிருக்கலாம், கேட்க யாருமில்லை.

கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகச் சீவி வாங்கி வந்தார். அதன் செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவைச் சில மோட்டார்களில் அரை மில்லிமீட்டர் கீழே இறக்க வேண்டும், சிலவற்றில் தொடவே கூடாது. எதில் எது என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. புது புஷ்களை அன்று இரவு முழுக்க என்ஜின் ஆயிலில் ஊறப்போட்டார். எண்ணெய் குடிக்காத புஷ் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார். நாலு கார்பனும் குட்டையாகிவிட்டதால் அவற்றையும் மாற்றினார். மோட்டாருக்கு அவ்வளவுதான் செலவு.

மறுநாள் தோப்பில் மோட்டாரைப் பூட்ட அடியில் படுத்தவர் வெகுநேரம் எழவில்லை. கியர் பெட்டியிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒயரைப் பிடித்துக் காட்டினார். வண்டி நியூட்ரலில் இருந்தால் மட்டும் செல்ப் எடுக்கவிடும் நியூட்ரல் சுவிட்சுக்குப் போக வேண்டிய இரண்டு முனைகளும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தன.

"இதை யாருங்கய்யா பண்ணுனது?"

பெரியப்பாவுக்கு ஞாபகமில்லை. எப்போதோ ஸ்டார்ட் ஆகாதபோது யாரோ முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று வண்டி எடுத்திருக்கும். வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அன்றிலிருந்து அது கியரில் இருந்தாலும் செல்ப் எடுக்கும் வண்டி. ஸ்க்ரூ டிரைவரால் சோலனாய்டின் இரண்டு முனைகளைத் தொட்டு ஸ்டார்ட் செய்வதும் இதே ஆபத்துதான். செய்கிறவர் சக்கரத்துக்கு முன்னால் நின்றிருப்பார். வண்டி கியரில் இருந்தால் அவர்மேலேயே ஏறும். உலகம் முழுக்க உழவர்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள். புது சுவிட்ச் போடாமல் எலக்ட்ரீசியன் நகரவில்லை. கியரில் வைத்துச் சாவியைத் திருப்பி, எடுக்காததைப் பெரியப்பாவுக்குக் காட்டினார். நியூட்ரலுக்கு வந்ததும் ஒரே சுற்றில் என்ஜின் பிடித்தது.

புது வண்டிகளைப் பற்றிக் கேட்டேன். 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி வந்துவிட்டது. அவற்றின் என்ஜினைக் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. "ஸ்கேனர் இல்லாம நமக்கு அதுல வேலை இல்லீங்க" என்றார். பழகுவதற்குப் பையன்கள் வருவதில்லை என்றும் சொன்னார். ஆனால் புது வண்டியிலும் பேட்டரியும் எர்த் கேபிளும் செல்ப் மோட்டாரும் இருக்கின்றன. அந்த போல்ட்டில் துரு பிடித்தால் அங்கேயும் இதே சத்தம்தான் கேட்கும்.

கூலி கேட்டபோது புஷ், கார்பன், சுவிட்ச், லேத் செலவு, பூட்டின கூலி என்று எழுதிக் கொடுத்தார். கண்டுபிடித்ததற்கு ஒரு வரியும் இல்லை. "பார்த்ததுக்கு யாருங்க காசு தருவாங்க?" என்றார். அந்த இரண்டு நாளில் நடந்த பெரிய வேலையே அதுதான். அது வண்டி மக்கர் செய்த அன்றே நடந்திருந்தால் ஒரு பேட்டரி விலையும் ஒரு சுவிட்ச் விலையும் மிஞ்சியிருக்கும்.

உங்கள் தோட்டத்து வண்டி அடுத்த முறை மக்கர் செய்யும்போது எதையும் வாங்குவதற்கு முன் இவரைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். நியூட்ரல் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். பார்த்துச் சொன்னதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.