பூசத்தைப் பார்க்க ஒரு பழைய பைனாகுலர்

தை 5

மயிலாப்பூரின் திருவிழாக்கள் நட்சத்திரங்களின் பெயரால் நடப்பவை. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊரில் பாடிய பூம்பாவைப் பதிகம் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று விழாக்களை அடுக்கி, இவற்றைப் பார்க்காமலா போய்விட்டாய் என்று இறந்துபோன பெண்ணைக் கேட்கிறது. இந்த ஐந்து பெயர்களும் ஒரு காலத்தில் வானத்தில் விரல் நீட்டிக் காட்டக்கூடியவையாக இருந்தன. இன்று மாட வீதிகளைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஆதிரை சிவப்பாகத் தெரியும். உத்திரமும் ஓணமும் அவற்றின் பருவத்தில் தெரியும். கார்த்திகையின் ஆறு மீன்களில் இரண்டு மூன்று தேறும். பூசம் மட்டும் தெரிவதே இல்லை. மற்றவை தனித்த, பிரகாசமான நட்சத்திரங்கள் அல்லது நெருக்கமான கூட்டம். பூசமோ மங்கலான சிறு நட்சத்திரங்கள் பல சேர்ந்த, முழுநிலவின் அகலத்தைப் போல மூன்று மடங்கு பரந்த ஒரு கொத்து. தெருவிளக்கு முதலில் விழுங்குவது இப்படிப்பட்டதைத்தான்.

பூசத்தை மயிலாப்பூரிலிருந்தே திரும்பப் பார்க்க முடியும். அதற்கு இருண்ட வானத்தைத் தேடி ஜவ்வாது மலைக்குப் போக வேண்டாம், பெரிய தொலைநோக்கியும் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய 10×50 பைனாகுலர் போதும். புதிதைவிட, தொலைநோக்கியைவிட, முதல் கருவியாக இதுவே பொருத்தம் என்பது என் கட்சி. இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் வலுவானவை. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் பதில் எழுதிப் பார்க்க வேண்டும்.

தை 18, தைப்பூசம்

இன்று பூசத்தைத் தேடுவதில் பயனில்லை. தை மாதத்து முழுநிலவு பூசத்தை ஒட்டி நிற்பதால்தான் இது தைப்பூசம். அந்த நிலவொளியிலேயே கொத்து மறைந்துவிடும். விழா நாளில் நட்சத்திரத்தைக் காண முடியாது; நிலா தேய்ந்த பிறகுதான் முடியும். முதல் ஆட்சேபத்துக்கான பதிலை யோசிக்க ஏற்ற நாள்.

சென்னை வானம் வெளுத்துக் கிடக்கிறது, இதில் பைனாகுலர் என்ன செய்யும் என்பதுதான் அந்த ஆட்சேபம். பனகல் பார்க்கைச் சுற்றிய கடை விளக்குகளையும் உஸ்மான் சாலையின் மேல் நிற்கும் வெளிச்சத்தையும் பார்த்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் ஒளியியலின் கணக்கு வேறு மாதிரி. இருட்டில் இளைஞர்களின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். 10×50 என்பதில் முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஏழை ஐம்பதாக்கினால் ஒளி வாங்கும் பரப்பு சுமார் ஐம்பது மடங்காகிறது. நட்சத்திரம் ஒரு புள்ளி. எத்தனை பெருக்கினாலும் புள்ளியாகவே நிற்கும். அதனால் சேர்ந்த ஒளி முழுவதும் அந்தப் புள்ளிக்கே போய்ச் சேருகிறது. வெளுத்த வானம் புள்ளியல்ல, விரிந்த பரப்பு. பத்து மடங்கு பெருக்கும்போது அதன் ஒளி பத்து மடங்கு அகலத்துக்குப் பரவி நீர்த்துப்போகிறது. வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிட அது பிரகாசமாவதே இல்லை. ஆக, பின்னணி அப்படியே இருக்க நட்சத்திரம் மட்டும் பல மடங்கு துலங்குகிறது. ஒளியளவில் எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்; நான்காம் ஒளியளவோடு முடிந்துபோகும் நகரத்துக் கண் எட்டாம் ஒளியளவு வரை இறங்குகிறது. பூசக் கொத்தின் பிரகாசமான நட்சத்திரங்கள் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருப்பவை. அவை அத்தனையும் எல்லைக்குள் வந்துவிடும்.

இதே கணக்கு எங்கே கைவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால்வழியும் மங்கிய விண்மீன் மண்டலங்களும் பரப்புகள். அவையும் வானத்தோடு சேர்ந்தே நீர்த்துப்போகும். ஆந்திரமேதா மண்டலத்தின் நடுப்பகுதி சிறு திட்டாகத் தெரியும், அவ்வளவுதான். பைனாகுலர் நகரத்தை இருட்டாக்குவதில்லை. நட்சத்திரக் கொத்துகளையும் நிலவையும் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களையும் அது திருப்பித் தருகிறது. நம் பஞ்சாங்கத்தின் இருபத்தேழில் மங்கலானவற்றுக்கு அது போதும்.

சென்னைக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. இந்த ஊர் 13 பாகை வடக்கில் இருக்கிறது. கார்த்திகையும் பூசமும் இங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே கடக்கின்றன. நகரத்தின் தூசியும் வெளிச்சமும் அடிவானத்தில்தான் கனம். உச்சியில் காற்றின் படலமும் மெல்லியது, வெளுப்பும் குறைவு. தெற்கிலும் நமக்கு லாபம்தான். விருச்சிகத்தின் வால் பக்கம் இருக்கும் இரண்டு பெரிய கொத்துகள் இங்கே நாற்பது பாகை உயரத்துக்கு ஏறும். லண்டனில் அவை அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்து போகும். அங்கே ஒருபோதும் உதிக்காத ஒமேகா சென்டாரி என்ற பந்துக் கொத்து, வைகாசி பிறக்கும்போது இரவு பத்து மணியளவில் நம் தெற்கு வானில் 29 பாகை உயரத்தில் நிற்கும். காற்று தெளிந்த இரவில் அது பைனாகுலருக்குள் பஞ்சுருண்டை போலத் தெரியும்.

மாசி 5, அமாவாசை

பழையதை வாங்குவதா என்ற தயக்கம் சென்னையில் பொருந்தாது. இந்த நகரத்தின் வானியலே பழைய கருவிகளில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். அவரிடமிருந்த 3 அங்குலத் தொலைநோக்கிகளும் கடிகாரங்களும் ஒரு டிரான்சிட் கருவியும்தான் கம்பெனியின் மெட்ராஸ் வானாய்வகத்துக்கு முதல் மூலதனம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். பெட்ரியின் கடிகாரங்களில் ஒன்று, ஜான் ஷெல்டன் செய்தது, கொடைக்கானலில் காக்கப்பட்டு வருகிறது. 3 அங்குலம் என்பது 76 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் 15×70 பைனாகுலரின் ஒரு கண் கிட்டத்தட்ட அந்த அளவு.

அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். சென்னையின் தெற்கு வானில் பதினான்கு பாகைக்கு மேல் ஏறாத நட்சத்திரம் அது. வானியலில் கருவியின் வயது எப்போதுமே இரண்டாம் கேள்விதான். பார்ப்பவரின் பொறுமைதான் முதல் கேள்வி.

அப்படியென்றால் நல்ல பொருளை ஏன் விற்கிறார்கள் என்று கேட்கலாம். பைனாகுலர் தேயும் பொருளல்ல என்பதே காரணம். சேப்பாக்கம் டெஸ்டுக்கோ, வேடந்தாங்கலுக்கோ, ஒரு மலைச் சுற்றுலாவுக்கோ வாங்குவார்கள்; பிறகு அது பீரோவின் மேல் தட்டுக்குப் போய்விடும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. கண்ணாடிக்கு ஓடிய கிலோமீட்டர் கணக்கு கிடையாது. பழைய கைபேசியையும் பழைய ஸ்கூட்டரையும் பார்க்கிற கண்ணால் இதைப் பார்ப்பது தவறு. ஒரே ஒரு விஷயத்தில் அந்தப் பயம் சரி: பூஞ்சணம்.

கடற்கரை ஊரின் ஈரத்தில், மூடிய தோல் உறைக்குள், லென்ஸின் உட்புறத்தில் பூஞ்சணம் சிலந்தி வலை போலப் படரும். அது விடும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். துடைத்தாலும் அந்தத் தழும்பு போகாது. சந்தையில் சென்னைக்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். முன்பக்க லென்ஸ் வழியே கைபேசி டார்ச்சை அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இழை ஓடியிருந்தால், பால் படிந்தது போல் மங்கியிருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மாசி 14

மற்ற சோதனைகளையும் எழுதிவைக்க வேண்டும். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனாலும் பழைய பொருள் வாங்கும் பழக்கம் இந்த ஊரில் எரிந்துபோகவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும் பர்மா பஜாரும் இருக்கின்றன, இணையத்தில் தனியாட்கள் விற்பதும் உண்டு. எங்கே வாங்கினாலும் பகலில், கையில் எடுத்துப் பார்த்த பிறகே பணம் தர வேண்டும். தபாலில் வரவழைப்பதை நான் ஏற்கவில்லை. முக்கியமான சோதனைக்குக் கண்ணில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்தச் சோதனை இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பது. தூரத்துக் கூர்மையான பொருள் ஒன்று வேண்டும்: சாந்தோம் தேவாலயத்தின் கோபுர முனை, கபாலீசுவரர் கோபுரத்துக் கலசம், ஒரு செல்போன் டவரின் நுனி. அது தெளிவாகத் தெரியும்படி திருகிக்கொண்டு, கருவியை மெல்லக் கண்ணிலிருந்து விலக்கிப் பார்த்தால் பிம்பம் ஒன்றாகவே இருக்க வேண்டும். மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்தால் அது கீழே விழுந்த கருவி. பகலில் மூளை அதைச் சரிக்கட்டிவிடும். இரவில் ஒவ்வொரு நட்சத்திரமும் இரட்டையாகத் தெரியும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். பட்டகங்களைத் திருத்தத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் சரி செய்யலாம்; கிடைப்பார் என்ற நம்பிக்கையில் வாங்கக் கூடாது. சோதிக்கும் அவசரத்தில் சூரியன் பக்கம் மட்டும் திரும்பிவிடக் கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும்.

அடுத்தது பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும். உள்ளே பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வீண். லென்ஸில் ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பு நீலமாகவோ ஊதாவாகவோ பச்சையாகவோ மங்கித் தெரிந்தால் நல்லது. வெள்ளையாகப் பளிச்சிட்டால் பூச்சு இல்லை. மாணிக்கச் சிவப்பாக மின்னும் லென்ஸ்களை ஒதுக்கிவிடலாம். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பிவிடும், ஆதிரைக்கு அது நஷ்டம். கருவியைக் கை நீட்டி வெளிச்சமான சுவர் பக்கம் பிடித்தால் கண் லென்ஸில் சிறு ஒளிவட்டம் தெரியும்; அது முழு வட்டமாக இருந்தால் பட்டகம் தரமானது, ஓரங்கள் சதுரமாக வெட்டுப்பட்டுச் சாம்பல் நிறமாக இருந்தால் மலிவுக் கண்ணாடி. வாங்கவே கூடாத குறை அல்ல இது; விலையைக் குறைத்துக் கேட்கலாம். முன்பக்க லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அந்த ஒளிவட்டத்தின் விட்டம் வரும்: 10×50-க்கு 5 மில்லிமீட்டர். உடலில் 90×80 என்று பொறித்த கருவிகளின் கணக்கு இங்கேதான் உடையும். ஒளிவட்டம் ஒரு மில்லிமீட்டரை எட்டாது, கையிலும் நிற்காது.

ஜப்பானியக் கருவிகளின் உடலில் ஜே.பி., ஜே.ஈ. என்று தொடங்கும் தயாரிப்பாளர் எண்கள் இருக்கும். அவற்றை நம்பி எடுத்துப் பார்க்கலாம். கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்து ஜெனாப்டெம் கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். பல ரஷ்யக் கருவிகளில் காட்சி சற்று மஞ்சளடிக்கும்; நட்சத்திரத்துக்கு அது பெரிய குறையல்ல. அதே தரத்தில் புதியதன் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் புதியதையே வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

மாசி 26

கடைசி ஆட்சேபம் வீட்டுக் குழந்தைகளிடமிருந்து வருவது: சனியின் வளையம் தெரியுமா? தெரியாது. அதற்கு இருபத்தைந்து மடங்காவது பெருக்க வேண்டும். ஆனால் அதே பணத்துக்குக் கிடைக்கும் மலிவான தொலைநோக்கி, ஆடும் முக்காலியின் மேல், வானத்தின் மிகச் சிறிய துண்டைத் தலைகீழாகக் காட்டும். எங்கே பார்க்கிறோம் என்று தெரியாமல் குழந்தை இரண்டாம் நாளே விட்டுவிடும். பைனாகுலர் பார்த்த திசையை அப்படியே, நேராக, ஆறு ஏழு பாகை அகலத்தில் காட்டுகிறது. பூசக் கொத்து முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். பெரும்பாலான தொலைநோக்கிகளில் அடங்காது. சனிக்குக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. அங்கே வான்நோக்கு நிகழ்ச்சி நடக்கும் நாளில் அழைத்துப் போகலாம். வானத்தைத் தெரிந்துகொண்ட குழந்தைக்குத் தொலைநோக்கி வாங்கித் தருவது அடுத்த படி.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை சில. தோல் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க வேண்டும். கை நடுங்காமலிருக்கத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முழங்கையை ஊன்றலாம். உச்சி வானத்துக்குச் சாய்வு நாற்காலியே சிறந்தது. தி.நகர் அடுக்ககங்களில் எதிர் வீட்டு ஜன்னல்கள் பத்தடியில் இருக்கின்றன. கருவியை உயர்த்திப் பிடித்த பிறகே கண்ணில் வைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. அடையாறு, பெசன்ட் நகர்க்காரர்களுக்குக் கிழக்கே கடல் இருக்கிறது. அந்தப் பக்கம் விளக்கில்லை.

பங்குனி 5, அமாவாசை

இன்று நிலா இல்லை. இரவு ஒன்பது மணி சுமாருக்குப் பூசம் சென்னையின் உச்சியிலிருந்து ஏழு பாகை வடக்கே தள்ளி நிற்கிறது. பத்து நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிட்டு, பைனாகுலரைத் தலைக்கு மேலே உயர்த்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லாத அந்த இடத்தில் இருபது முப்பது நட்சத்திரங்கள் இருக்கின்றன.