அக்காவின் படமும் ஒரு பழைய லென்ஸும்



அக்காவின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போன வாரம் இங்கே போட்டதிலிருந்து ஒரே கேள்விதான். "டீச்சர், என்ன கேமரா?" "சித்தி, எந்த ஆப்?" என்று. ஆப் எதுவும் இல்லை. ஃபிலிம் கேமரா. அதைவிட முக்கியம் அதில் மாட்டியிருந்த லென்ஸ். அதைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அக்காவைப் பற்றி. சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. முக்கூடல் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா போன பிறகு அக்காதான் பீடி சுற்றி என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினாள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டிக் கட்டி அவள் விரல்கள் ஒரு பக்கமாக வளைந்துவிட்டன. இப்போது வயது 78. சில நாள் என் பெயர் அவளுக்கு வருகிறது, சில நாள் வருவதில்லை.

அவளுக்கு என்று ஒரு நல்ல படம் கிடையாது. கல்யாணப் படம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போயிற்று. மிச்சம் இருப்பது ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் உள்ள முகம்தான். செல்போனை நீட்டினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். மீறி எடுத்தால் போன் அவள் சுருக்கத்தையெல்லாம் தேய்த்து மெழுகு பொம்மை மாதிரி ஆக்கிவிடுகிறது. அந்தச் சுருக்கம் இல்லாமல் அக்கா ஏது?

என் மருமகன் வெளிநாட்டில் பழைய பொருள் சந்தை ஒன்றில் வாங்கிய ஜோர்க்கி-4 கேமரா வீட்டில் சும்மா கிடந்தது. 1956 முதல் 1973 வரை மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்த சோவியத் கேமரா அது. இது ரேஞ்ச்ஃபைண்டர் வகை. லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் தனிச் சன்னல் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகச் சேரும். சேர்ந்த இடத்தில் ஃபோகஸ் சரி. உள்ளே கண்ணாடி எழும்பி விழுவதில்லை என்பதால் சத்தம் குறைவு. எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. சன்னலின் பார்வையை நம் கண்ணுக்குத் தகுந்தபடி திருத்திக்கொள்ள ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கிறேன்.

லென்ஸ் மட்டும் இல்லை. மாட்டும் இடம் லைக்காவின் பழைய திருகு வகை, 39 மில்லிமீட்டர். அந்தத் திருகுக்கு ஜெர்மனி, ஜப்பான், சோவியத் நாடு எல்லாம் பல வருடம் லென்ஸ் செய்திருக்கின்றன. குவியத் தூரம் 50 மி.மீ. என்று முடிவு செய்துகொண்டேன். அதைத்தான் ஸ்டாண்டர்ட் லென்ஸ் என்கிறார்கள். முகத்தைப் பிதுக்கிக் காட்டாது, ரொம்பத் தள்ளி நிற்கவும் வேண்டாம். கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் ஆயுள் முழுக்கப் பெரும்பாலும் 50 வைத்துத்தான் எடுத்தார்.

பழைய லென்ஸுக்கு "குணம் உண்டு" என்று பேசுவார்கள். குணம் என்பது பாதி குறைதான், பிள்ளைகளே. லென்ஸின் ஓரத்தில் வரும் கதிரும் நடுவில் வரும் கதிரும் ஒரே புள்ளியில் சேராமல் போவதை எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பேன். அந்தக் குறை கொஞ்சம் மிச்சம் இருந்தால் முகத்தின் மேல் மெல்லிய பனி மாதிரி ஒரு மென்மை வரும். சுருக்கம் அழியாது, கடுமை மட்டும் குறையும். துவாரத்தைச் சிறிதாக்கினால் ஓரக் கதிர் தடைபட்டுப் படம் கூர்மையாகிவிடும். ஒரே லென்ஸில் இரண்டு சுபாவம். எனக்கு வேண்டியது இதுதான், பென்ஷனுக்குள் அடங்கும் விலையில்.

நான் பார்த்த வரிசையைச் சொல்கிறேன்.

ஒன்று, லைக்காவின் எல்மார் 50, f/3.5. மாக்ஸ் பெரெக் வடிவமைத்தது. உள்ளே தள்ளினால் சட்டைப் பையில் அடங்கிவிடும். ஆனால் f/3.5 என்பதால் திண்ணை வெளிச்சத்துக்குப் போதாது. மலிவாக எல்மார் கிடைக்கிறது என்றால் உஷார். சோவியத் லென்ஸில் லைக்கா பெயரைப் பொறித்து விற்பவர்கள் உண்டு. அதே நிறுவனத்தின் 1930-களின் சும்மார் f/2 அழகான லென்ஸ்தான், ஆனால் முன் கண்ணாடி மென்மையானது. துணியால் துடைத்துத் துடைத்தே கீறல் விழுந்தவைதான் அதிகம் வருகின்றன.

இரண்டு, ஜப்பானின் கேனன் 50, f/1.8. கட்டுமானம் உறுதி, கூர்மை நிறைய. லைக்கா வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். விலை நான் வாங்கியதைப் போலச் சில மடங்கு. துவாரத் தகடுகளுக்கு அருகே உள்ள கண்ணாடியில் மங்கல் படிவது இதன் பரவலான வியாதி. சிலவற்றில் அது துடைத்தாலும் போகாது, கண்ணாடியையே அரித்திருக்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

மூன்று, சோவியத்தின் இண்டஸ்டார்-61, f/2.8. இருப்பதிலேயே மலிவான வரிசை. நல்ல கூர்மை. ஆனால் அக்காவின் முகத்துக்கு அந்தக் கூர்மை கொஞ்சம் அதட்டலாகத் தெரிந்தது.

நான்கு, ஜூப்பிட்டர்-8, 50 மி.மீ., f/2. இதைத்தான் வாங்கினேன். ஐயாயிரத்துக்குள் முடிந்தது. வியாழன் கிரகத்தின் பெயர், "குருவுக்குக் குரு பொருத்தம்தான் அத்தை" என்று மருமகன் கேலி செய்தார்.

இதன் பூர்வீகம் ஜெர்மனி. 1930-களின் தொடக்கத்தில் லுட்விக் பெர்ட்டலே என்பவர் ஸைஸ் நிறுவனத்தின் கான்டாக்ஸ் கேமராவுக்காக ஸோனார் என்ற லென்ஸை வடிவமைத்தார். அந்தக் காலத்தில் லென்ஸுக்கு மேல்பூச்சு கிடையாது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிவிடும். அப்படித் திரும்பிய ஒளிதான் உள்ளே சுற்றிப் படத்தை வெளிறச் செய்யும். அவர் ஆறு கண்ணாடிகளை மூன்று தொகுதியாக ஒட்டினார். சந்திப்புப் பரப்புகள் ஆறாகக் குறைந்தன. போருக்குப் பிறகு அந்த வடிவமைப்பு ரஷ்யர் கைக்குப் போய், பூச்சும் சேர்ந்து, ஜூப்பிட்டர் ஆனது.

இதன் தம்பியா அண்ணனா என்று சொல்லத்தக்க ஜூப்பிட்டர்-3 இன்னும் பெரிய துவாரம், f/1.5. ஆசையாகத்தான் இருந்தது. என் கேமராவில் இரண்டு சன்னல்களுக்கும் இடைவெளி ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர்தான். இடைவெளி குறைந்தால் தூரத்தைக் கணிக்கும் துல்லியமும் குறையும். அறுபதைத் தாண்டிய என் கண்ணுக்கு f/2 போதும் என்று விட்டுவிட்டேன்.

லைக்கா வைத்திருப்பவர்கள் ஜூப்பிட்டர் வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 50 என்று எழுதியிருந்தாலும் லைக்காவின் அளவு கணக்கு 51.6 மி.மீ., ஜூப்பிட்டர் கான்டாக்ஸ் வழியில் 52.4. திருகு சரியாகப் பொருந்தும். ஆனால் துவாரத்தை முழுக்கத் திறந்து கிட்டத்தில் எடுத்தால் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடலாம். சோவியத் லென்ஸைச் சோவியத் கேமராவில் மாட்டினால் இந்தத் தகராறு குறைவு.

வாங்கியதும் நான் செய்த சோதனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இருந்தால் பூஞ்சை, மூச்சு விட்ட மாதிரி இருந்தால் மங்கல். முன் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் பரவாயில்லை, பின் கண்ணாடியில் கூடாது. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைக் காட்டும். என்னுடையது 64-இல் தொடங்குகிறது. திருகு ஆணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப் பிரித்தவர்கள் உள்ளே இருக்கும் மெல்லிய வளையத்தைத் தொலைத்திருந்தால் ஃபோகஸ் என்றைக்கும் சேராது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு ரோல் ஃபிலிமை வீணாக்க வேண்டியதில்லை. குவிலென்ஸை ஜன்னல் பக்கம் பிடித்து, வெளியே நின்ற வேப்பமரத்தை வெள்ளைத் தாளில் தலைகீழாகக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அதே பாடம்தான். கேமராவின் முதுகைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் இடத்தில் டிரேசிங் தாளை ஒட்டி, ஷட்டரை B-யில் வைத்துத் திறந்து பிடியுங்கள். பத்திரிகை எழுத்தை ஒரு மீட்டரில் வைத்துச் சன்னலில் உருவத்தைச் சேருங்கள். பிறகு தாளைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அங்கேயும் எழுத்து கூர்மையாக இருந்தால் லென்ஸ் நல்லது.

ஜோர்க்கி வைத்திருப்பவர்கள் ஃபிலிமை முன்னே நகர்த்திய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். முன்னாலேயே மாற்றினால் உள்ளே கெட்டுவிடும். ஷட்டர் துணியால் ஆனது. லென்ஸை மூடாமல் வெயிலைப் பார்த்து வைத்தால் சூரியன் அதில் ஓட்டை போட்டுவிடும்.

இனி அந்தப் படம். ஒரு மீட்டரில் f/2 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். அக்கா அசைந்துகொண்டே இருப்பவள். அதனால் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து f/2.8 வைத்தேன். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் கிடைக்கும். 400 வேக ஃபிலிம், 1/60 நொடி, திண்ணையின் பக்கவாட்டு வெளிச்சம். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பழைய கதை பேசினேன்.

"ஏட்டி, அது என்னது டப்பா?" என்று கேட்டாள்.

"தூரம் பாக்குத கருவி அக்கா."

"நான் பக்கத்துலதான இருக்கேன், என்னத்தட்டி பாக்க?" என்று சிரித்தாள். அப்போது அழுத்தியதுதான் நீங்கள் பார்த்தது. அன்றைக்கு என் பெயரையும் சொன்னாள்.

ஒரு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய ஆயிரத்தைத் தாண்டுகிறது. 36 படத்தில் தேறியது நான்கு. அந்த நான்கையும் பெரிதாகப் போட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டேன்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கும் மாணவர்கள் ஃபிலிம் இல்லாமலே அடாப்டர் போட்டு இந்த லென்ஸை மாட்டலாம். சிறிய சென்சாராக இருந்தால் 75 மி.மீ. மாதிரித் தெரியும், முகத்துக்கு நல்லதுதான். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேமரா கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள், என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து டார்ச் அடித்துப் பார்ப்போம். லென்ஸ் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுப் பெரியவர்களை வெளிச்சம் உள்ள இடத்தில் உட்காரவைத்து, முதலில் அரைமணி நேரம் பேசுங்கள். படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்